வைரம் பாய்ந்த தரை

சுவரை இடித்த பிறகுதான் தரையில் தழும்பு இருப்பது தெரிந்தது.

நியூஜெர்சியில் என் நண்பர் வாங்கியிருக்கும் வீடு 1924-ல் கட்டியது. முன்னறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் நின்ற சுவர் வெளிச்சத்தை மறைக்கிறது என்று, பாரம் தாங்கும் சுவரா என இன்ஜினீயரை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார்கள். சுவர் நின்ற இடத்தில், வாசல் போகப் பன்னிரண்டடி நீளத்துக்கு, ஐந்தங்குல அகலத்துக்குத் தரையே இல்லை. அடியில் கிடந்த முரட்டுப் பலகை பல்லை இளித்தது. அந்தக் காலத்தில் சுவரை எழுப்பிவிட்டுத்தான் மேல்தரைப் பலகை அடிப்பார்கள். சுவருக்கடியில் போய் மறையப்போகும் இடத்துக்கு நல்ல மரம் எதற்கு?

"மொத்தமே அஞ்சு சதுர அடிதான். ரெண்டு கட்டு பலகை வாங்கினா முடிஞ்சுது" என்றார் நண்பர். அது முடிய ஐந்து மாதம் ஆனது. நடுவில் நான் மூன்று முறை அந்த வீட்டுக்குப் போனேன். மரத்தரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அங்கே முழங்கால் போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

முதலில் வந்தவர் சுறுசுறுப்பானவர். கடையிலிருந்து அதே இரண்டேகால் அங்குல அகல ஓக் பலகை வாங்கி வந்தார். பள்ளத்தை நிரப்பினார், மேலே சாயம் ஏற்றினார். பகலில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. நண்பர் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். சாயங்காலம் மஞ்சள் விளக்கைப் போட்டதும் புதுப் பலகைகள் மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தன. பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் விளக்கொளியில் பிரிந்துபோவது உண்டு. பட்டுப்புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்கும்போது கடை வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்துப் பார்க்கிற நம் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நிறத்தைவிடப் பெரிய தப்பு ஒன்றும் இருந்தது. பழைய பலகைகளின் முனைகள் சுவர் ஓரமாக ஒரே நேர்கோட்டில் நின்றிருந்தன. புதுப் பலகைகளும் அதே கோட்டில் தொடங்கி அதே கோட்டில் முடிந்தன. நிறம் அச்சாகப் பொருந்தியிருந்தாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்திருக்கும். கண் முதலில் பிடிப்பது கோட்டைத்தான், நிறமெல்லாம் அப்புறம்.

சோப்புக் குமிழி

இரண்டாவதாக வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். நாற்பது வருடமாகத் தரைவேலை மட்டும் செய்கிறவர். முழங்காலில் தேய்ந்த தோல் பட்டை. முதலில் வந்தவர் போட்ட பலகையில் ஒரு துண்டைப் பெயர்த்தெடுத்தார். முனையைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து, மறுமுனையில் வாயை வைத்து ஊதினார். ஐந்தங்குலக் கட்டை வழியாகக் காற்று போய்க் குமிழி வந்தது. பழைய பலகையில் ஒரு துண்டை எடுத்து அதேபோல் ஊதினார். கன்னம் உப்பியதுதான் மிச்சம்.

ஓக் என்ற பெயரில் விற்பதில் இரண்டு சாதி இருக்கிறது. சிவப்பு ஓக்கின் நுண்குழாய்கள் திறந்தே இருக்கும்; ஸ்ட்ரா மாதிரி காற்று போகும். வெள்ளை ஓக்கில் அந்தக் குழாய்கள் மரம் உயிரோடு இருக்கும்போதே அடைத்துக்கொள்ளும். ஒயினும் விஸ்கியும் வெள்ளை ஓக் பீப்பாயில் ஒழுகாமல் கிடப்பது அதனால்தான். வீட்டில் இருந்தது வெள்ளை. முதலில் வந்தவர் போட்டது சிவப்பு. எத்தனை சாயம் பூசினாலும் அதற்குள்ளிருக்கும் சிவப்பு விளக்கொளியில் எட்டிப் பார்க்கும்.

சாதி பொருந்தினால் போதுமா? அறுத்த விதமும் பொருந்தவேண்டும். அடிமரத்தை அப்படியே வரிசையாக அறுத்தால் பலகையில் கோபுரம் கோபுரமாக ரேகை விழும். நாலாகப் பிளந்து, மையத்தைப் பார்த்து அறுத்தால் ரேகை நேர்க்கோடாக ஓடும், குறுக்கே வெள்ளித் தீற்றல்கள் மின்னும். இரண்டாவது முறையில் மரம் அதிகம் வீணாகும், ஆனால் பலகை கோணாது. அந்தக் காலத்துக் கொத்தனார்களும் தச்சர்களும் கணக்காக இருந்தார்கள்: விருந்தாளி உட்காரும் முன்னறைக்கு உசத்தி மரம், சமையலறைக்கு அடிதாங்கும் மேப்பிள், மாடிப் படுக்கையறைக்கு மலிவான பைன். அந்த மலிவான பைன் கதைக்குப் பிறகு வருகிறேன்; இன்றைக்கு அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

வயதும் பொருந்தவேண்டும். நூறு வருடம் வெயிலும் காற்றும் பட்ட மரத்தின் நிறம் மேற்பரப்பில் மட்டும் இல்லை. ஆணியின் துருவைச் சுற்றிக் கருத்திருக்கும், ஜன்னல் பக்கம் வெளிறியிருக்கும். அதைப் புது மரத்தில் கொண்டுவர வித்தைகள் உண்டு. இரும்புக் கம்பளியை வினிகரில் ஊறவைத்துப் பூசினால் ஓக்கிலிருக்கும் துவர்ப்போடு சேர்ந்து மரம் கருக்கும். அம்மோனியா ஆவி காட்டியும் கருக்குவார்கள். தரைக்காரருக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு.

"மாடிப்படிக்குக் கீழே ஒரு க்ளாசெட் இருக்குமே, அதைத் திறங்கள்."

இங்கே க்ளாசெட் என்றால் கோட்டும் செருப்பும் வைக்கிற சின்ன அறை. நம்மூர்ப் பொருளில் எடுத்துக்கொண்டு முகம் சுளிக்க வேண்டாம். நண்பர் திறந்தார். குளிர்காலக் கோட்டுகள், பதினெட்டு ஜோடி ஷூ, உடைந்த குடை, இந்தியாவிலிருந்து வந்த காலி சூட்கேஸ்கள். எல்லாவற்றையும் எடுத்தபின் டார்ச் அடித்தால், அதே 1924 வெள்ளை ஓக். மூன்றடிக்கு ஐந்தடி. வீட்டைக் கட்டியவர்கள் ஒரே லோடில் இறக்கிய மரம், ஒரே தச்சன் கை. ஏறக்குறைய நூறு வருடமாக இருட்டில் இருந்திருக்கிறது.

தன் வேலையின் முக்கால் பங்கு இந்தத் திருட்டுதான் என்றார் தரைக்காரர். வீட்டின் மறைவான மூலையிலிருந்து எடுத்து, கண்படும் இடத்தில் வைப்பது. புது மரம் வாங்கத்தான் வேண்டும். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் ஷூவுக்கு அடியில்.

பின்னல்

ஐந்து சதுர அடிப் பள்ளத்துக்காக அவர் மேலும் பத்துப் பன்னிரண்டு சதுர அடி நல்ல தரையைப் பெயர்த்தார். நண்பரின் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஆனால் அங்கேதான் விஷயம். நேர்கோட்டில் நின்ற முனைகளைக் கலைக்க வேண்டும். ஒரு வரிசையில் ஒரு முழம் உள்ளே போய் வெட்டு, அடுத்ததை விட்டுவிடு, அதற்கடுத்ததில் ஒரு சாண். ஜடை பின்னுவது போல, பழைய வரிசைகளுக்கு நடுவே வேறு பலகைகளை நுழைக்க வேண்டும். சுவரின் நடுவில் ஒரு வாசல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அதன் வழியாகத் தரை ஒரே ஓட்டமாகப் போயிருந்ததால் இரண்டு அறைகளின் வரிசைகளும் ஒன்றையொன்று சரியாகப் பார்த்துக்கொண்டிருந்தன. இல்லையென்றால் வேலை இரட்டிப்பாகியிருக்கும்.

ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் காடி. ஒன்றின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் போய் உட்கார, ஆணி நாக்கின் மேல் சாய்வாக இறங்கி, அடுத்த பலகைக்குள் மறைந்துவிடும். 1880களில் இப்படி இழைக்கும் இயந்திரம் வந்த பிறகுதான் ஆணித்தலை தெரியாத ஒல்லிப் பலகைத் தரை அமெரிக்காவில் ஊருக்கு ஊர் பரவியது. அதற்கு முன்னே அகலமான பலகை, முகத்தில் அடித்த ஆணி.

எல்லாம் கோத்துக்கொண்டு கிடப்பதால் நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவ முடியாது. பலகையின் நடுமுதுகில் இரண்டு கோடு ரம்பம் ஓட்டி, அந்த நடுத்துண்டை முதலில் உளியால் எழுப்பி, மிச்ச இரு விளிம்புகளை உள்ளே இழுக்கிறார். ரம்பத்தின் ஆழம் பலகையின் கனம்தான், ஒரு மயிரிழை கூடினாலும் அடிப்பலகை காயப்படும். புதிதாக வைக்கும் பலகையை நாக்கு முதலில் சாய்த்து நுழைக்கிறார். அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிப் பலகைக்கு நுழைய வழியிருக்காது. அதன் காடியின் கீழ்உதட்டை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு, பசை தடவி, மேலிருந்து இறக்கி, ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. "டொப்" என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்காகவே நான் இன்னொரு நாள் போயிருப்பேன்.

உட்கார்ந்தபின் விரலால் தடவச் சொன்னார். க்ளாசெட்டிலிருந்து வந்த பலகைகள் ஒரு நாணயத்தின் கனம் தூக்கலாக இருந்தன. ஹாலின் தரையை இதற்கு முன் இரண்டு முறை இயந்திரம் போட்டு இழைத்திருக்கிறார்கள். க்ளாசெட்டுக்குள் யாரும் போகவில்லை. ஹால் எவ்வளவு இழந்திருக்கிறது என்பதை அந்தத் தூக்கலே காட்டியது.

மரத்தரைக்காரர்களிடம் நான் கேட்ட கணக்குகளிலேயே முக்கியமானது இதுதான். முக்கால் அங்குலப் பலகையில் நாக்குக்கு மேலே இருக்கும் மரம் கால் அங்குலத்துக்குச் சற்று மேல். செலவழிக்க இருப்பது அவ்வளவே. டிரம் இயந்திரத்தில் ஒவ்வொரு முறை முழுசாக இழைக்கும்போதும் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு போகும், கை பழகாதவர் பிடித்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. மரம் தீர்ந்துபோனால் காடியின் மேல்உதடு அப்பளம் மாதிரி உடையும், ஆணித்தலை எட்டிப் பார்க்கும். 1900-களின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் பல வீடுகளில் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கே கனமுள்ள பலகையை மேலிருந்து ஆணியடித்துப் போட்டார்கள். அதன் மேல் டிரம் இயந்திரத்தை ஏற்றுவது அடாவடி. எவ்வளவு கனம் மிச்சமிருக்கிறது என்று பார்க்க, ரேடியேட்டர் குழாய் தரைக்குள் இறங்கும் ஓட்டையின் மூடியைத் தூக்கி விளிம்பைப் பார்த்தால் போதும். இதைப் பார்க்காமலேயே "பளபளன்னு ஆக்கிடலாம்" என்பவரை வீட்டுக்குள் விடக்கூடாது என்பது என் கட்சி.

அரக்கு

க்ளாசெட் பலகையின் ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தார். அரை நிமிடத்தில் பூச்சு இளகிப் பிசுபிசுத்தது. ஷெல்லாக்.

நம் அரக்குதான் அது. புரசு, இலந்தை, குசும் மரக்கிளைகளில் கூட்டமாக அப்பிக்கொள்ளும் பூச்சி சுரப்பது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் ஆதிவாசிகள் கிளையோடு வெட்டிச் சுரண்டியெடுத்தது உருகி, கல்கத்தா துறைமுகத்தில் கப்பலேறி, அமெரிக்க நடுத்தர வர்க்க வீடுகளின் தரையில் வந்து விழுந்தது. பழைய 78 சுற்று இசைத்தட்டும் அதே அரக்கில் செய்ததுதான். அரக்கு மாளிகை என்றால் நமக்கு எரிப்பதற்குக் கட்டியதுதான் ஞாபகம் வரும். இங்கே பாதி ஊர் அதன்மேல் நடந்திருக்கிறது. 1960களில் பாலியுரிதேன் வந்து அரக்கையும் மெழுகையும் ஓரங்கட்டியது.

கண்ணாடி மாதிரி மின்னும் தரைதான் பழைய தரை என்று நினைப்பது அந்த அறுபதுகளுக்குப் பிறகு வந்த பழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகளில் தரை பெரும்பாலும் வெறும் மரம். மணலைப் போட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். தாமஸ் ஜெஃபர்சன், ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட் சொன்ன யோசனையைக் கேட்டு, மான்டிசெல்லோ மாளிகையின் முகப்புக் கூடத் தரைக்குப் புல்லின் பச்சையைப் பூசச் சொன்னார். அடுத்த அறையில் செர்ரியும் பீச்சும் கட்டம்கட்டமாகக் கோத்த தரை. ஒரே ஆளின் வீடு, இரண்டு அறை, இரண்டு ரசனை. எந்தக் காலத்துக்கு மீட்பது என்று முடிவு செய்யாமல் மீட்பு வேலையைத் தொடங்க முடியாது.

அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை மேற்பார்க்கும் பழைய கட்டட விதிமுறைகளில் இதற்கு ஒரு வரிசை சொல்லியிருக்கிறார்கள்: பழுதானதை மாற்றாமல் சரிபண்ணப் பார், மாற்றியே தீரவேண்டுமென்றால் வடிவத்திலும் நிறத்திலும் மேற்பரப்பின் தன்மையிலும், கூடுமானால் பொருளிலும் பழையதோடு பொருந்தட்டும். அந்தக் 'கூடுமானால்' எவ்வளவு கனமான சொல் என்பது மாடி ஏறியதும் புரிந்தது.

மாடியில் இருந்த காடு

மாடியறையில் ஐம்பது வருடக் கார்ப்பெட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுவரோடு சுவர் கார்ப்பெட் மலிவாகி, நல்ல தரைகளெல்லாம் அதற்கடியில் போயின. மூடியவர்கள் அறியாமல் காப்பாற்றியும் கொடுத்தார்கள். சுருட்டி எடுத்ததும் செந்தேன் நிறத்தில் பைன் தரை. ஜன்னல் ஓரம் மட்டும், ரேடியேட்டர் ஒழுகி, நாலைந்து பலகை உளுத்திருந்தது.

"பைன்தானே" என்று நான் சொன்னதும் தரைக்காரர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. உளுக்காத துண்டு ஒன்றை என் கையில் வைத்தார். ஓக் மாதிரி கனம். முகர்ந்தால் டர்பன்டைன். முனையில் வளையங்களை எண்ணச் சொன்னார்; ஒரு அங்குலத்துக்குள் இருபதைத் தாண்டியது. கடையில் விற்கும் இன்றைய பைனில் அதே அங்குலத்தில் ஐந்தாறு இருந்தால் அதிகம்.

நீளஊசிப் பைன் என்று அதைச் சொல்லலாம். வர்ஜீனியாவிலிருந்து டெக்சஸ் வரை ஒருகாலத்தில் 9 கோடி ஏக்கரில் நின்ற காடு. முளைத்த முதல் சில வருடங்கள் அது மரமாகவே தெரியாது, புல்குத்து மாதிரி தரையோடு கிடக்கும். காட்டுத்தீ மேலே ஓடிப் போட்டிச் செடிகளை எரித்தபின்தான் எழும்பும். உள்ளே காழ் இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல் என்று பிரித்த தொல்காப்பியரிடம் இதைக் கொண்டுபோய்க் காட்டியிருந்தால் சில வருடம் பொறுத்து வரச் சொல்லியிருப்பார். நூறு, நூற்றைம்பது வருடம் மெதுவாக வளர்ந்து, பிசின் ஊறி, உள்மரம் சிவந்து இறுகும். நம் தச்சர்கள் சொல்வதுபோல வைரம் பாய்ந்த கட்டை. ஓர் இரும்புக் குண்டைப் பாதி அமுக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்று மரத்தின் கடினத்தை அளக்கிறார்கள். சிவப்பு ஓக்குக்கு 1,290, இந்தப் பைனின் வைரத்துக்கு 1,225. பைன் மெத்தென்றிருக்கும் என்று நினைத்த என் வாய் அடைத்துப்போயிற்று.

பிசினுக்காகக் கீறினார்கள், கப்பலுக்கு அறுத்தார்கள், ரயில் வந்ததும் மொத்தமாக வெட்டினார்கள். சுமார் 30 லட்சம் ஏக்கருக்குச் சுருங்கியது. இப்போது திரும்ப நடுகிறார்கள். ஆனால் இன்று நட்ட கன்றில் வைரம் பாய நண்பரின் கொள்ளுப்பேரன் காத்திருக்க வேண்டும்.

ஆகவே உளுத்த நாலு பலகைக்கு மரம் எங்கே கிடைக்கும்? காட்டில் இல்லை. இடிபடும் பழைய பஞ்சாலைகளின் உத்தரத்தில் இருக்கிறது. தெற்கத்திய ஆறுகளின் அடியிலும் இருக்கிறது; கட்டி மிதக்கவிட்ட கட்டைகளில் கனமானவை, அதாவது வைரம் மிகுந்தவை, மில்லுக்குப் போகும் வழியில் முங்கிப்போயின. நூறு வருடம் கழித்து முக்குளிப்பவர்கள் அவற்றைத் தேடி எடுத்து அறுக்கிறார்கள். மலிவு என்று மாடிக்கு ஒதுக்கிய மரத்துக்கு இன்று கீழே இருக்கும் ஓக்கைவிட விலை அதிகம்.

அமெரிக்கச் செஸ்ட்நட் கதை இதைவிட மோசம். 1904-ல் நியூயார்க் பிராங்ஸ் விலங்குப் பூங்காவில் கண்டுபிடித்த ஒரு பூஞ்சை, அரை நூற்றாண்டுக்குள் கிட்டத்தட்ட 400 கோடி மரங்களைச் சாய்த்தது. வீட்டுத்தரை செஸ்ட்நட்டாக இருந்தால், பழைய களஞ்சியம் எங்கே இடிபடுகிறது என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நண்பருக்குத் தேவையான மரம் பென்சில்வேனியாவில் ஒரு பழைய மரக் கிடங்கில் கிடைத்தது. கிடைத்த அன்றே அடித்துவிடவில்லை. மூன்று வாரம் அந்த அறையிலேயே குறுக்கும் நெடுக்கும் அடுக்கிவைத்தார்கள். மரம் இழுத்த ஈரமும் வீட்டின் ஈரமும் ஒன்றாக வேண்டும். நூற்றுக்கு ஆறிலிருந்து ஒன்பதுக்குள் இருந்தால் சரி. அந்த வாரங்களில்தான் பாளையங்கோட்டையிலிருந்து நண்பரின் அம்மா வந்து இறங்கினார்.

மறுநாள் காலை வாளித் தண்ணீரும் பினாயிலுமாக ஹாலில் அம்மா குனிந்து நின்றதைப் பார்த்து நண்பர் ஓடிவந்தார்.

"அம்மா, தண்ணி ஊத்தக் கூடாதும்மா! மரம்!"

"மரம்னா? மரத்துக்குத் தண்ணி ஊத்தாம வேற என்னத்த ஊத்துவாக? இது என்ன தரைடே, தண்ணி காட்டாத தரை!"

மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் குடித்து உப்பும். அடியில் ஈரம் தங்கினால் பலகையின் இரு விளிம்பும் எழும்பி, ஒவ்வொன்றும் ஆழமில்லாத கிண்ணமாகும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது நேரெதிர்: பலகைகள் சுருங்கி, இடுக்கில் நாணயம் நிற்கும். புதிதாய்க் குடிவந்தவர்கள் ஜனவரியில் பயந்துபோய் அந்த இடுக்குகளையெல்லாம் மெழுகும் மரத்தூள் பசையும் போட்டு அடைப்பார்கள். ஜூலையில் மரம் உப்பும்போது போக இடமில்லாமல் தரை முதுகைத் தூக்கும். இடுக்கை அடைக்காதே, ஆறு மாதம் பொறு என்பதுதான் தரைக்காரர் கொடுத்த ஒரே இலவச வைத்தியம். அம்மாவுக்கு நன்றாகப் பிழிந்த துணி அனுமதிக்கப்பட்டது. வீட்டுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை என்று கேட்டதும் மட்டும் தரைக்காரர் முகம் மலர்ந்தது. மணல் ஒட்டிய ஷூதான் பூச்சின் முதல் எதிரி என்றார்.

இழைக்கும் நாளன்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். 1978-க்கு முந்தைய வீடுகளில் பெயின்டிலும் வார்னிஷிலும் ஈயம் இருக்கலாம், தூளில் அது பறக்கும்; குழந்தைகள் இருக்கும் வீட்டில் சோதிக்காமல் இழைப்பது பாவம். பழைய சமையலறைகளில் தரை ஓட்டுக்கு அடியிலிருக்கும் கறுப்புப் பசையில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கக்கூடும், அதைச் சுரண்டவே கூடாது. கீழ்த்தளத்தில் டிரம் இயந்திரம் முரட்டு உப்புத்தாளில் தொடங்கவில்லை. தூக்கலாக நின்ற க்ளாசெட் பலகைகளைக் கையிழைப்புளியால் முதலில் மட்டம்பிடித்துவிட்டு, நடுத்தர உப்புத்தாளில் ஒரே ஓட்டம். மாடியில் இயந்திரமே ஏறவில்லை. பழைய பூச்சைக் கழுவி எடுத்து, மெல்லிய தாளால் சொரசொரப்பாக்கி, மேலே புதுப் பூச்சு. யாரோ ஒருத்தர் தையல் மிஷினைப் பல வருடம் ஒரே இடத்தில் வைத்திருந்த நாலு பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. ரேடியேட்டர் ஓரத்தில் ஒரு கறுப்புக் கறை, ஆக்சாலிக் அமிலத்துக்கும் முழுசாகப் போகாதது, அதுவும் இருக்கிறது. போக்கியே தீரவேண்டும் என்றால் இன்னும் ஒரு நாணயக் கனம் செலவாகும் என்றார். நண்பரின் மனைவி வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசி முறை நான் போனபோது சாயங்காலம். வேண்டுமென்றே மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு, தழும்பு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். குனிந்தேன், கையால் தடவினேன். இரண்டு இடத்தைக் காட்டினேன், இரண்டும் தப்பு. நண்பர் சிரித்துக்கொண்டே மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய்க் க்ளாசெட் கதவைத் திறந்தார். ஷூக்களை நகர்த்தினார். வெளுப்பும் பளபளப்புமாக, கண்ணைக் கூசவைக்கிற புத்தம்புது வெள்ளை ஓக். பக்கத்தில் அம்மாவின் ரப்பர் செருப்பு.